சாந்தி விழாவுக்கு வரைந்து வாங்கும் படம்: தஞ்சாவூர்ப் பலகையா, எண்ணெய் வண்ணமா, கணினி அச்சா?

அறுபதாம் கல்யாணமோ எண்பதாவது சாந்தியோ நெருங்கும் வீடுகளில், அழைப்பிதழுக்கும் சமையலுக்கும் அடுத்தபடியாக இப்போது பேசப்படும் செலவு, பெரியவர்கள் இருவரையும் ஓர் ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்கி முகப்பிலோ வளவிலோ (உள்முற்றப் பகுதியிலோ) மாட்டுவதாகும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். ஒருவருக்குத் தங்க ரேக்கு (மெல்லிய தகடு) ஒட்டிய தஞ்சாவூர்ப் படம் வேண்டும். இன்னொருவர், எண்ணெய் வண்ணத்தில் பழைய காலத்துப் பெரிய மனிதர்களின் படங்களைப் போல இருக்க வேண்டும் என்கிறார். மூன்றாமவர், கைப்பேசியில் இருக்கும் புகைப்படத்தைக் கணினியில் ஓவியமாக்கிக் கேன்வாஸில் அச்சடித்தால் செலவு மிகவும் குறையும் என்று கணக்குச் சொல்கிறார். மூவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆனால் எது அழகு, எது மலிவு என்ற இரண்டைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. செட்டிநாட்டு வீட்டுக்கு அவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் எந்தப் படம் கெடாமல் நிற்கும் என்பதே.

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ உள்ள பங்காளி வீடுகள் பல, கல்யாணம், சாந்தி, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று விசேஷம் வந்தால் திறக்கப்படுகின்றன. மற்ற நாள்களில் பொறுப்பாள் வந்து பெருக்கி விளக்கேற்றிவிட்டுப் போவதோடு சரி. சன்னல்கள் சாத்திய அறைகளில் மாதக்கணக்கில் இருட்டு. சித்திரையில் சூடு, ஐப்பசி கார்த்திகையில் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும் நீரும் சுவரின் ஈரமும். நிலைச்சட்டம் தேக்கானாலும் அதன் பின்னால் வழி கண்டுபிடிக்கும் கரையான். சென்னை அடுக்குமாடி வீட்டில், ஆள் புழங்கும் அறையில் மாட்டிய படத்துக்கு இந்தச் சோதனைகளில் பாதிகூட வராது. ஆகவே சென்னையில் நண்பர் வீட்டில் பார்த்த படம் நன்றாயிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஊர் வீட்டுக்கு முடிவெடுப்பது சரியாகாது.

இதற்கு நம் வீடுகளிலேயே சான்று தொங்குகிறது. 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் வண்ண அச்சுப் படங்கள், அவற்றில் சிலவற்றின் சேலைக்கு மேல் சரிகையும் மணியும் வைத்துத் தைத்தவை, தஞ்சாவூர்ப் பலகைப் படங்கள், கண்ணாடியின் பின்புறம் வரைந்த சாமி படங்கள், ஸ்டூடியோவில் எடுத்துக் கையால் வண்ணம் ஏற்றிய தாத்தா பாட்டி புகைப்படங்கள் ஆகிய எல்லாமே இதே சூட்டிலும் ஈரத்திலும் பல தலைமுறை இருந்தவை. புதுப் படத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இவற்றில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கீழே இறக்கித் திருப்பிப் பார்க்குமாறு சொல்வேன். அச்சுப் படத்தில் பழுப்புக் கறை பெரும்பாலும் சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து மேலே ஏறியிருக்கும், ஏனெனில் ஈரம் அங்கேதான் தங்குகிறது. தஞ்சாவூர்ப் படத்தில் தங்கம் புதிதுபோல இருக்க, அதற்கு அடியில் இருக்கும் மக்கு எனும் புடைப்புப் பூச்சு ஓரங்களில் வெடித்து உதிர்ந்திருக்கும். கண்ணாடிப் படத்தின் முன்பக்கம் பளபளவென்றிருக்கும். பின்னால் வண்ணம் செதில் செதிலாகக் கழன்றிருக்கும். எந்த வகை எங்கே தோற்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் தஞ்சாவூர்ப் படம். பலகையின் மேல் துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, கோடு வரைந்து, நகையும் தூணும் மண்டபமும் வரும் இடங்களில் மக்கு வைத்து எழுப்பி, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டும் வேலை அது. முன்பு பலாப் பலகையும் புளியங்கொட்டைப் பசையும் பயன்பட்டன. இப்போது பெரும்பாலும் பிளைவுட்டும் கடையில் விற்கும் வெள்ளைப் பசையும்தான். இந்த மாற்றத்தைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நம் வீட்டு நிலைமைக்கு நல்ல நீர்புகாப் பிளைவுட் பாதகமில்லை என்பது என் எண்ணம். புளியங்கொட்டைப் பசை பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடித்த உணவு, அகலமான ஒற்றைப் பலகையோ ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறி வளைந்து மக்கைப் பிளக்கக்கூடியது. ரேக்கில்தான் கவனம் வேண்டும். 22 காரட் தங்க ரேக்கு கறுக்காது; அதைப்போல மின்னும் பித்தளை வகைத் தகடு சில ஆண்டுகளில் மங்கிக் கறுத்துவிடும். இரண்டையும் ஒட்டிய அன்றைக்குக் கண்ணால் பிரித்தறிவது கடினம் என்பதால், ரேக்கு வாங்கிய ரசீதைக் கேட்பதிலும், ரேக்கு ஒட்டும் நாளில் நேரில் போய்ப் பார்ப்பதிலும் கூச்சம் வேண்டியதில்லை. காரைக்குடியிலிருந்து தஞ்சாவூர் போய் அன்றே திரும்பிவிடலாம்.

அப்படியானால் சாந்திக்குத் தஞ்சாவூர்ப் படம் சரியா என்றால், யாரை வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. சாமி படமாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். பிள்ளையார்பட்டி கற்பக விநாயகரை வரையச் சொல்கிறவர்கள், வலம்புரித் துதிக்கையும் இரண்டே கைகளும் கொண்ட மூர்த்தி என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழக்கமான நான்கு கைப் பிள்ளையார் வந்து சேர்வார். மக்கு எழுப்பிய பிறகு கையைக் குறைக்க முடியாது. ஆனால் ஐயாவையும் அப்பத்தாவையும் அந்தப் பாணியில் வரைவது வேறு விஷயம். உருண்ட முகம், நீண்ட கண், நிழல் குறைந்த தோல் நிறம் என்று அந்தப் பாணிக்குத் தனி முகம் உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர்களையே அப்படி வரைந்திருக்கிறார்கள், அதில் கம்பீரம் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் தேடும் சாயல் அதில் கிடைக்காது. இரண்டையும் சேர்க்கலாமென்று முகத்தைப் புகைப்படம்போலத் தீட்டி உடலுக்கும் மண்டபத்துக்கும் தங்கம் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வகைப் படங்களில் முகம் வெட்டி ஒட்டியதுபோலத் தனியாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் செலவுக்கு அது தகாது.

சாயல்தான் வேண்டும் என்றால் எண்ணெய் வண்ணமே முதல் தேர்வு. சுருக்கமும் நரையும் திருநீற்றின் வெண்மையும் கண்ணின் ஈரமும் அதில் வருவதுபோல வேறெதிலும் வருவதில்லை. ஆனால் அதன் தன்மையைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். வண்ணத்தோடு கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுத்தான் இறுகுகிறது, தண்ணீர்போல ஆவியாகி உலர்வதில்லை. ஆகவே தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே பல மாதங்கள் வேலை நடந்துகொண்டிருக்கும். இறுதி வார்னிஷை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்தே பூசுவார்கள். விழாவுக்கு முதல் வாரம் படத்தைத் தந்து அன்றே பளபளப்பாக வார்னிஷும் பூசித் தருகிறேன் என்று சொல்லும் ஓவியர், பின்னால் வரப்போகும் வெடிப்பையும் சேர்த்தே தருகிறார்.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அந்த மஞ்சள் ஓரளவு தெளியும். மாதக்கணக்கில் சாத்தியிருக்கும், வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டு அறையில் மாட்டினால், வெள்ளை வேட்டியும் திருநீறும்தான் முதலில் பழுக்கும், நம் பெரியவர்களின் படத்தில் அவை இரண்டும் நிறையவே இருக்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. வெள்ளை நிறத்தை மட்டும் குசும்பா எண்ணெயில் அரைத்த வகையில் தீட்டச் சொல்லலாம். அது குறைவாகவே மஞ்சளிக்கும். அதைவிட எளிது, வளவு வாசலின் வெளிச்சம் நேராக விழாமல் சுவரில் பட்டுப் பரவும் இடத்தில் மாட்டுவது. கேன்வாஸின் பின்புறத்தைத் திறந்து விடாமல் மெல்லிய பலகையோ அட்டையோ வைத்து மூடினால் பல்லியும் தூசியும் குளவிக்கூடும் அண்டாது. சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல்கனம் இடைவெளி இருக்கும்படி அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துவிட்டால் சுவரின் ஈரம் ஏறாது. கேன்வாஸ் தொய்ந்தால், சட்டத்தின் மூலைகளில் உள்ள ஆப்புகளைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம். ஆப்பு வைத்த சட்டமா என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாள் குறைவென்றால் அக்ரிலிக். மஞ்சளிப்பதில்லை, ஒரு மணி நேரத்துக்குள் உலர்கிறது, விலையும் சற்றுக் குறைவு. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு இளகித் தூசியைப் பிடித்துக்கொள்வதால் வார்னிஷ் கட்டாயம். தோலின் நிறத்தை மெல்ல மெல்லக் கலந்து எடுப்பதற்கு அதன் வேகமே இடைஞ்சலாக இருப்பதால், அக்ரிலிக்கில் நல்ல முகம் வரைய எண்ணெயில் வரைவதைவிடக் கைத்திறன் அதிகம் வேண்டும்.

எந்த ஊடகமானாலும், ஓவியர் பெரியவர்களை நேரில் பார்க்கிறாரா, புகைப்படத்தை மட்டும் பார்த்து வரைகிறாரா என்பதில்தான் படத்தின் தரம் பெரிதும் தங்கியிருக்கிறது. இருவரும் உயிரோடிருக்கும்போது ஓர் அரைநாளாவது ஓவியரை வீட்டுக்கு வரவழைத்து, படம் மாட்டப்போகும் சுவருக்கு எதிரில் அவர்களை உட்காரவைத்துக் குறிப்பெடுக்கச் செய்வது, கூடுதல் கூலி கொடுத்தாவது செய்ய வேண்டிய காரியம். நம் வீடுகளில் படங்களை நிலைக்கு மேல் உயரத்தில், தலைப்பக்கம் முன்னுக்குச் சாய்த்து மாட்டுவது வழக்கம்; கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவருக்குச் சிறிய முகம் தெரியாது, படத்துக்குக் கண்ணாடி போட்டிருந்தால் வாசல் வெளிச்சம் மட்டுமே தெரியும். சுவரைப் பார்த்த ஓவியர் முகத்தின் அளவையும் வெளிச்சம் வரும் பக்கத்தையும் அதற்கேற்ப அமைப்பார். பார்க்காதவர் வழக்கமான அளவில் வரைந்து அனுப்புவார்.

புகைப்படத்திலிருந்துதான் வரைய வேண்டுமென்றால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள். மிக அருகில் வைத்து எடுத்த கைப்பேசிப் படத்தில் மூக்கு பெரிதாகி காது பின்வாங்கியிருக்கும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுத்ததே உதவும். நகைக்குத் தனிப் படம் வேண்டும். நம் பெண்களின் திருமணக் கழுத்தணியான கழுத்திருவைக் கண்டிராத ஓவியர் அதை ஏதோ ஒரு தங்கச் சங்கிலியாக வரைந்துவிடுவார். ருத்திராட்சக் கழுத்தணியான கௌரிசங்கமும் அவர் கையில் சாதாரண ருத்திராட்ச மாலையாகிவிடும். கருப்பு வெள்ளைப் படமானால் சேலை என்ன நிறக் கண்டாங்கி என்பதை, நினைவிருக்கிற ஆச்சிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

கணினி ஓவியம் என்று இப்போது சொல்லப்படுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓவியர் ஒருவர் டேப்லெட்டில் பேனாவைக் கொண்டு கையால் வரைவது. அது உண்மையான வரைதலே, திருத்தம் சொல்வதும் எளிது. மற்றது, புகைப்படத்தைச் செயலியில் ஏற்றினால் சில நொடிகளில் எண்ணெய் வண்ணம்போல மாற்றித் தருவது. இந்த இரண்டாவது வகையில் அச்சடித்த படம் ஒன்றைத் தன் அறுபதுக்குப் பரிசாக வாங்கிய ஆச்சி ஒருவர், எல்லாரும் புகழ்ந்து முடித்த பிறகு, “கழுத்திரு எங்கே? கழுத்துல என்னமோ கிடக்கு” என்று கேட்டார். செயலி தனக்குத் தெரிந்த நகையைப் போட்டிருந்தது. முகத்தையும் அதுபோலத்தான் சற்றே இளமையாக்கி, சற்றே வேறொருவராக்கி வைக்கிறது. அச்சின் ஆயுளைப் பொறுத்தவரை, நிறமி மையில் அடித்ததா, சாய மையில் அடித்ததா என்று கேட்டாக வேண்டும். சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். மூலப் படமாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அச்சுக்கு இந்த ஏற்பாட்டில் ஓர் இடம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

நான்காவதாக ஒரு வழி இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியவர்கள் காலமாகிவிட்டிருந்தால், அவர்களைப் புதிதாக வரைவதைவிட, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கையால் வண்ணமேற்றிய ஸ்டூடியோப் படத்தைச் செப்பனிட்டு மறுபடி சட்டமிடுவது பெரும்பாலும் மேலானது. அந்தப் படத்தில் இருப்பது அவர்களே உட்கார்ந்து கொடுத்த முகம். நல்ல ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டு, மூலத்தை அமிலமில்லாத அட்டையோடு சட்டமிட்டால் செலவும் குறைவு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் யாருடைய ஐயாவோ அப்பத்தாவோ சட்டத்தோடு விலைக்குச் சாய்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு, புதுப் படம் வாங்கும் உற்சாகத்தில் பழையது எங்கே போகிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடிப் படம் செய்யும் கைகள் இப்போது மிகக் குறைவு. கிடைத்தால் சாமி அறைக்கு வாங்கலாம். நீர் வண்ணம் காகிதத்தில் வரைவது, பூச்சிக்கும் ஈரத்துக்கும் நேரே இரை. வீட்டின் முகப்பையே வரைந்து சென்னை வீட்டில் மாட்டிக்கொள்ள மிகப் பொருத்தம். சுவரிலேயே வரைவதைப் பற்றி ஒரே சொல்: முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய பழைய பூச்சின் மேல் இன்றைய பெயிண்ட்டைப் பூச விடாதீர்கள், சுவர் மூச்சுவிட முடியாமல் பூச்சோடு உரிந்து வரும்.

இனி யாரிடம் கொடுப்பது. தஞ்சாவூர்ப் படத்துக்குப் பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்களில் விலையையும் தரத்தையும் பார்த்துப் பழகிக்கொண்டு, பிறகு ஓவியரிடம் நேரில் போவது நல்லது. இடைத்தரகர் இல்லாததால் பணம் மிச்சமாவதோடு, கோட்டுச் சித்திர நிலையிலேயே பார்த்துத் திருத்தம் சொல்லலாம். முகப்படத்துக்கு, சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படித்து வந்தவர்களில் தேடலாம். சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. முகம் வரைவதில் அங்கே நீண்ட பயிற்சி மரபு உண்டு. ஓவியரின் சிறந்த படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அவர் வரைந்த முகம் ஒன்றையும், அது எந்தப் புகைப்படத்திலிருந்து வரைந்ததோ அந்தப் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திடும் நாம், பெரிய தொகைக்குப் படம் சொல்லும்போது வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். ஒரு தாளில் அளவு, ஊடகம், பலகை அல்லது கேன்வாஸின் வகை, ரேக்கின் காரட், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதி என்பவற்றை எழுதி, தொகையை மூன்றாகப் பிரித்து, முன்பணம் ஒன்று, கோட்டுச் சித்திரத்துக்குச் சம்மதம் சொன்னதும் ஒன்று, படம் கைக்கு வந்ததும் ஒன்று என்று வைத்துக்கொள்வது இரு தரப்புக்கும் நியாயம். படம் யார் பெயரில் என்பதையும் பங்காளிகள் தங்களுக்குள் அப்போதே முடித்துக்கொள்ள வேண்டும். பதிப்புரிமையைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது. ஆகவே மூலப் படம் பொது வீட்டில் இருக்க, அதைப் படமெடுத்து நிறமி மையில் கேன்வாஸ் அச்சாக ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான குடும்பத்துக்கும்) ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அச்சுக்கு உண்டு என்று மேலே சொன்ன இடம் இதுதான். ஒரே ஓவியத்துக்கு நான்கு பேர் உரிமை கொண்டாடும் சங்கடமும் இதில் தீர்கிறது. ஆனால் 57-ஆவது பிரிவின்படி, தன் பெயரைக் கோரும் உரிமையும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையும் ஓவியருக்கே இருக்கின்றன; பிரதியில் அவர் கையெழுத்தை வெட்டிவிட்டு அச்சடிக்கக் கூடாது.

தேதியைச் சாந்தி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். எட்டு மாதத்துக்கு மேல் இருந்தால் எண்ணெய் வண்ணத்துக்குச் சொல்லி, ஓவியரை அடுத்த விசேஷத்துக்கு வீடு திறக்கும்போதே வரவழையுங்கள்; விழாவில் வார்னிஷ் இல்லாமல் மாட்டி, மறு ஆண்டு படைப்புக்குக் கூடும்போது வார்னிஷ் பூசிக்கொள்ளலாம், அதற்கான கூலியை ஒப்பந்தத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள். நான்கைந்து மாதம் என்றால், சாமி அறைக்குத் தஞ்சாவூர்ப் படமும் பெரியவர்களுக்கு அக்ரிலிக்கும் செய்ய முடியும், ஓவியரின் கையில் வேறு வேலை நிறைய இல்லாவிட்டால். இரண்டு மாதமே இருக்கிறதென்றால் பழைய கல்யாணப் படத்தைச் செப்பனிட்டுச் சட்டமிட்டு விழாவில் வைத்துவிட்டு, புதுப் படத்தை எழுபதுக்கான பீமரத சாந்திக்குத் தள்ளிப்போடுங்கள்; அவசரத்தில் வாங்கினால் அந்த முகம்தான் அதுவரை சுவரில் இருக்கும்.